குப்புறக் கிடப்பவன்: வாஸ்துவை வடசென்னையிலிருந்து வாசித்தல்

திருவொற்றியூரில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் சொந்தமாக வீடு கட்டினார். மொத்தமே நானூறு சதுர அடி மனை. இருபது வருஷம் சித்தாளாக மண் சுமந்து சேர்த்த காசு, மகளிர் குழுக் கடன், மகன் சம்பளம் எல்லாம் அதற்குள் போயிற்று. மனைக்குத் தெற்கே தெரு. ஆகவே வாசலும் தெற்கே, ஜன்னலும் தெற்கே. பூச்சு வேலை நடந்துகொண்டிருக்கும்போது யாரோ ஒரு வாஸ்து ஜோசியரைக் கூட்டிவந்தார்கள். அவர் திசைகாட்டியை வைத்துப் பார்த்தார். தெற்கு எமன் திசை, வாசலை அடைத்து வடக்கே திற, தெற்கு ஜன்னலும் ஆகாது என்று சொல்லித் தட்சணை வாங்கிக்கொண்டு போனார். வடக்கே இருப்பது பக்கத்து வீட்டுக் கக்கூஸ் சுவர். நடுவில் மூன்றடிச் சந்து. அக்கா வாசலை இடித்துச் சந்துக்குள் திருப்பினார். ஜன்னலைச் செங்கல் வைத்து மூடினார். அவர் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கரி இறக்கியவர். 2011இல் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் கரி இறக்குவது நிற்கும்வரை அந்தத் தூசியில் நின்றவர். இப்போது ராத்திரியில் மூச்சு வாங்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்.

"ஏன்கா ஜன்னல அடச்சீங்க?" என்று கேட்டேன்.

"இன்னா தம்பி பண்றது? எமன் வருவான்னு சொல்றாரு. இத்தினி வருசம் கஸ்டப்பட்டுக் கட்னது. ஒரு கொறையும் இல்லாம இருக்கட்டுமேன்னுதான்."

இந்தக் கட்டுரை அந்த அக்காவைக் குறை சொல்ல எழுதப்படவில்லை. சேரியில் பிறந்தவள் முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு சுவரை எழுப்பும்போது அவளுக்கு இருக்கும் பயம் எனக்குத் தெரியும். என் கேள்வி வேறு. தலைமுறை தலைமுறையாக நம்மை வீட்டுக்கும் ஊருக்கும் வெளியே நிறுத்திய ஒரு சாத்திரம், நாம் வீடு கட்டியதும் எப்படி நம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது?

இன்றைக்கு வாஸ்து வெறும் மூடநம்பிக்கையாக வருவதில்லை. 'இயற்கையோடு இயைந்து வாழும் கலை', 'பஞ்சபூதங்களின் சமன்', 'முன்னோர்களின் சுற்றுச்சூழல் அறிவு' என்ற நல்ல பெயர்களோடு வருகிறது. காரக்பூர் ஐ.ஐ.டி. 2017இல் கட்டடக்கலை மாணவர்களுக்கு வாஸ்துவைக் கற்றுத்தரப்போவதாக அறிவித்தது. தெலங்கானாவில் பழைய தலைமைச் செயலகத்தை 2020இல் இடித்தார்கள். அதற்கு வாஸ்துக் குறையும் ஒரு காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. வாஸ்து பார்த்துக் கட்டிய புதிய கட்டடத்தை 2023 ஏப்ரல் 30 அன்று திறந்து அதற்கு அண்ணல் அம்பேத்கரின் பெயரை வைத்தார்கள். வாஸ்துவையும் அம்பேத்கரையும் ஒரே கூரையின் கீழ் வைத்துவிட முடிகிற காலம் இது. ஆகவே மூலப் பிரதிகளுக்கே போய்ப் படித்துப் பார்த்துவிடுவது நல்லது.

1

வாஸ்து சாத்திரத்தில் இயற்கை எங்கே இருக்கிறது? மண்ணில் இருக்கிறது என்பார்கள். சரி, மண்ணையே எடுத்துக்கொள்வோம்.

ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் வாஸ்து வித்தைக்குத் தனி அத்தியாயம் உண்டு. மனை வாங்கும்முன் மண்ணைச் சோதிக்கச் சொல்கிறது அது. குழி தோண்டி, எடுத்த மண்ணை மறுபடி குழியில் போட்டு, மண் மிஞ்சினால் நல்ல மனை, குறைந்தால் ஆகாத மனை என்கிறது. இதுவரைக்கும் கொத்தனாரும் ஒத்துக்கொள்வார். மண்ணின் இறுக்கத்தைப் பார்க்கும் ஒரு வழி அது. ஆனால் பிரதி அங்கே நிற்பதில்லை. வெள்ளை மண் பார்ப்பனருக்கு, சிவப்பு சத்திரியருக்கு, மஞ்சள் வைசியருக்கு, கறுப்பு சூத்திரருக்கு என்று போகிறது. மண்ணின் வாசனைக்கும் சுவைக்கும்கூட வருணம் உண்டு. குழிக்குள் நான்கு திரி போட்ட விளக்கை வைத்து, எந்தத் திசைத் திரி நின்று எரிகிறதோ அந்தத் திசைக்குரிய வருணத்துக்கு அந்த மனை உகந்தது என்று ஒரு சோதனை. நான்கு நிறப் பூக்களை இரவு முழுக்கக் குழியில் வைத்து, எது வாடவில்லை என்று பார்த்து வருணம் சொல்வது இன்னொரு சோதனை. நிலம் எந்தப் பக்கம் சரியவேண்டும் என்பதும் வருணத்துக்கு ஒன்று. இவ்வளவும் சொல்லிவிட்டு, பார்ப்பனன் மட்டும் இதில் எந்த நிலத்திலும் குடியிருக்கலாம் என்று ஒரு விலக்கும் தருகிறது. இயற்கை விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே? ஒருத்தருக்கு மட்டும் விலக்கு இருந்தால் அது இயற்கையின் விதியா, சலுகையா?

வீட்டின் அளவையும் பார்த்துவிடலாம். பார்ப்பனர் வீட்டின் அகலம் 32 முழத்தில் ஆரம்பிக்கிறது. பிறகு வருணத்துக்கு நான்கு முழமாகக் குறைகிறது. சத்திரியருக்கு 28, வைசியருக்கு 24, சூத்திரருக்கு 20. கடைநிலையில் இருப்போருக்கு 16. அதற்குக் கீழே கணக்கு இல்லை. வெயிலும் மழையும் ஆளுக்கு நாலு முழம் குறைத்துக்கொண்டு பெய்யுமா?

மயமதம் தென்னிந்தியாவில் சோழர் காலத்தையொட்டி உருவான நூல் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வழியாகப் புருனோ தாகென்ஸ் பதிப்பித்து மொழிபெயர்த்ததால் உலகம் முழுக்கப் படிக்கப்படுகிறது. அதிலும் இதே கதைதான். சதுரமான வெள்ளை மனை பார்ப்பனருக்கு. அகலத்தைவிட நீளம் எட்டில் ஒரு பங்கு கூடின செம்மண் மனை அரசருக்கு. ஆறில் ஒரு பங்கு கூடினது வைசியருக்கு. நாலில் ஒரு பங்கு கூடின கரிய மனை சூத்திரருக்கு. நாம் எங்கே? ஊர் அமைப்பைச் சொல்லும் பகுதியில் வருகிறோம். சண்டாளர் குடிசைகள் ஊருக்கு வெளியே தூரத்தில் இருக்கவேண்டும். அவர்கள் காலையில் ஊருக்குள் வந்து அசுத்தத்தை அள்ளவேண்டும். வீடு கட்டும் நூலில் நமக்குக் கிடைத்திருப்பது வேலைக்கான ஆணை. வீடு இல்லை.

இதெல்லாம் சிற்ப நூலில் யாரோ இடையில் செருகியது என்று சொல்பவர்கள் உண்டு. அர்த்தசாத்திரம் சண்டாளரைச் சுடுகாட்டுக்கு அப்பால் வைக்கிறது. மனு பத்தாம் அத்தியாயத்தில் ஊருக்கு வெளியே வைக்கிறார். அரசியல் நூல், தரும நூல், மனை நூல் மூன்றும் ஒரே இடத்தில் கோடு போடுகின்றன. மூன்று பேர் மூன்று காலத்தில் போட்ட கோடு ஒரே இடத்தில் விழுந்தால் அதைச் செருகல் என்று சொல்ல முடியாது.

2

அடுத்த வாதம் தமிழ்ப் பெருமை வழியாக வருகிறது. வாஸ்து வடவருடையது அல்ல, மயன் தமிழன், இது நம்முடைய கலை என்பது அது. இதைத் தொடர்ந்து சொன்னவர் வை. கணபதி ஸ்தபதி. 2000 ஜனவரி 1 அன்று குமரி முனையில் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையைச் சமைத்தவர், 2011இல் மறைந்தார். அவருடைய கைத்திறனில் எனக்கு மரியாதை உண்டு. எம்.ஏ. வகுப்பில் நெடுநல்வாடை நடத்தும்போது, நட்ட கோலின் நிழல் பக்கம் சாயாத சித்திரை நடுப்பகலில் திசை குறித்து, கயிறு பிடித்து அரண்மனைக்கு மனை வகுத்த இடம் வந்தால் எல்லாருக்கும் நெஞ்சு நிமிரும். எனக்கும் நிமிர்ந்தது. நிழலைப் பார்த்துத் திசை கண்ட அறிவு பெரிய அறிவுதான். ஆனால் அது அரண்மனைக்குப் பிடித்த கயிறு. அதே கயிறு நம் பக்கம் எப்படி விழுந்தது என்பதைப் பாட்டில் தேடினால் கிடைக்காது, கல்வெட்டில்தான் கிடைக்கும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்காகப் பாடப் புத்தகத்தில் எல்லாரும் படித்தவை. அந்தப் பிரமதேயத்தில் 30 குடும்பு, 12 சேரி. கவனியுங்கள், பார்ப்பனர் குடியிருந்த பகுதிக்குத்தான் சேரி என்று பெயர். சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவுதான். அடுத்த நூறு வருஷத்துக்குள் ராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பார்க்கிறோம். கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் ஊர்நத்தம் தனியாக வருகிறது. கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு எல்லாம் தனித்தனியாக வருகின்றன. பிறகு என்ன ஆயிற்று? பார்ப்பனச் சேரி அக்கிரகாரமாகத் தங்கிவிட்டது. சேரி என்ற சொல் மட்டும் நம் தலையில் இறங்கியது. ஒரு நல்ல தமிழ்ச்சொல்லை வசவாக மாற்றிய இந்த வரலாற்றைப் பேசாமல் தமிழர் மனைநூல் என்று பெருமை பேச நமக்கு வாய் வராது.

அந்தப் பட்டியலில் கம்மாணச்சேரியும் இருப்பதை ஸ்தபதி பரம்பரையைப் போற்றுகிறவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். கோயிலைச் செய்த கம்மாளரும் ஊர்நத்தத்துக்குள் இல்லை. கருவூர்க் கோயிலில் கோனேரின்மைகொண்டான் பெயரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கொங்கு நாட்டுக் கம்மாளர் தங்கள் கல்யாணத்திலும் சாவிலும் இரட்டைச் சங்கு ஊதலாம், பறை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்புப் போடலாம், தங்கள் வீட்டுக்குச் சாந்து பூசலாம் என்று அரசன் அனுமதி கொடுக்கிறான். கோபுரத்தை எழுப்பியவன் தன் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு பூச ராஜாவிடம் உத்தரவு கேட்கவேண்டியிருந்தது. வீடு கட்டும் அறிவு கம்மாளரிடம், மண்ணும் கல்லும் சுமந்த தோள் பறையரிடமும் பள்ளரிடமும் இருந்தது. ஆனால் யார் எவ்வளவு உயரத்துக்கு, எதைக் கொண்டு கட்டலாம் என்ற அதிகாரம் இவர்கள் யாரிடமும் இல்லை. மயன் தமிழனாகவே இருக்கட்டும். கேள்வி அவனுடைய பூர்வீகம் பற்றியதல்ல. அவன் போட்ட வரைபடத்தில் நமக்குக் கதவு எங்கே என்பதுதான்.

அம்பேத்கர் இந்தக் கேள்வியை இந்தியக் கிராமம் முழுவதற்கும் கேட்டார். தீண்டாதார் பற்றிய தன் எழுத்தில் கிராமம் அவர்கள் மீது விதித்த சட்டங்களை அவர் வரிசைப்படுத்துகிறார். தனியாகக் குடியிருக்கவேண்டும், அந்தக் குடியிருப்பு தெற்கே இருக்கவேண்டும், ஏனென்றால் நான்கு திசையில் தெற்குதான் அமங்கலம், ஓட்டு வீடு கட்டுவது குற்றம். இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் வாஸ்து என்பது வீட்டு விஷயம் அல்ல, ஊர் விஷயம் என்பது விளங்கும். தெற்கு கெட்ட திசை என்பதால் நம்மைத் தெற்கே வைத்தார்கள். நாம் இருக்கும் திசை என்பதால் தெற்கு இன்னும் கெட்டதாயிற்று. இப்போது அந்தத் தெற்கைக் காட்டித்தான் திருவொற்றியூர் அக்காவின் ஜன்னலை அடைத்திருக்கிறார்கள்.

3

'சாதியை விடுங்க, அது பழசு. காத்து, வெளிச்சம் மட்டும் எடுத்துக்கலாமே' என்கிறார்கள் நண்பர்கள். நியாயமான கேள்வி. எடுத்துப் பார்ப்போம்.

தமிழில் நான்கு காற்றுக்கும் பெயர் உண்டு. வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, தெற்கே தென்றல். இதில் இரண்டாயிரம் வருஷமாகத் தமிழ்க் கவிதை கொண்டாடியது தென்றலை. வாடை பிரிவின் காற்று, நோய்க் காற்று. சென்னையில் கத்திரி வெயில் காலத்தில் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. ராயபுரத்திலோ காசிமேட்டிலோ ஒரு கிழவியைக் கேட்டால் சொல்வாள், எந்தப் பக்கம் பாய் விரித்தால் தூக்கம் வரும் என்று. இந்த ஊரில் இயற்கையோடு இயைந்த வீடு வேண்டுமென்றால் கிழக்கையும் தெற்கையும் திறக்கவேண்டும். ஜோசியரோ தெற்கை அடைத்து வடக்கைத் திறக்கச் சொல்கிறார். ஆக, இங்கே காற்றுக்கும் சாத்திரத்துக்கும் சண்டை. சண்டை வரும்போது ஜெயித்தது சாத்திரம், தோற்றது அந்த மனுஷனின் நுரையீரல்.

மனையடி சாஸ்திரம் என்ற மலிவுப் பதிப்பு எல்லா ஊரிலும் கிடைக்கிறது. அறையின் அகலம் ஆறு அடி என்றால் நன்மை, ஏழு அடி தரித்திரம், எட்டு அடி பாக்கியம், ஒன்பது அடி பீடை என்று போகும் அந்தப் பட்டியல். பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும். ஆறடிக்கும் எட்டடிக்கும் நடுவில் தரித்திரம் எப்படி வந்து உட்கார்ந்தது என்று எந்தப் பதிப்பும் சொல்லாது. இதைவிட முக்கியம், அந்தப் பட்டியலைப் பின்பற்ற முதலில் ஆறடியா எட்டடியா என்று தேர்ந்தெடுக்கிற அளவுக்கு இடம் இருக்கவேண்டும். ஊர்நத்தத்தில் பட்டா உள்ளவனுக்கு எழுதிய நூல் அது. புறம்போக்கில் பத்துக்குப் பத்தில் எட்டுப்பேர் படுக்கிற வீட்டுக்கு அதில் அத்தியாயம் கிடையாது.

இன்னொரு விஷயம். வாஸ்துவின் இயற்கை காம்பவுண்டு சுவரோடு நின்றுவிடுகிறது. வடக்கு குபேரனுடைய திசை, வடகிழக்கு ஈசானியம். அங்கே பள்ளமும் நீரும் இருக்கவேண்டும், பாரமும் குப்பையும் கூடாது, சுத்தமாக வைத்திருக்கவேண்டும் என்பது சாத்திரத்தின் பாலபாடம். இதை ஒரு வீட்டுக்குப் பார்க்கிறவர்கள் சென்னை மாநகரத்துக்குப் பார்க்கட்டும். நகரத்தின் வடக்கும் வடகிழக்கும் எது? ராயபுரம், கொடுங்கையூர், மணலி, திருவொற்றியூர், எண்ணூர். கிழக்கே கடல், வடக்கே கொசஸ்தலை ஆறு, முகத்துவாரம். சாத்திரப்படி இதைவிட நல்ல மனை சென்னையில் கிடையாது. வெள்ளைக்காரத் துரைமார் அந்தக் காலத்தில் எண்ணூருக்குக் காற்று வாங்க வந்தார்கள். அப்பேர்ப்பட்ட ஈசானிய மூலையில் இந்த நகரம் எதை வைத்தது? கொடுங்கையூரில் குப்பைமேடு. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பும் உரமும். எண்ணூரில் 1970இல் ஓட ஆரம்பித்து 2017இல் மூடப்பட்ட அனல்மின் நிலையம். அத்திப்பட்டில் 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையம், அப்புறம் வல்லூர். செப்பாக்கத்தை ஒட்டிச் சாம்பல் ஏரி. சாம்பல் குழாய் உடைந்து ஆற்றில் ஊற்றி, இறால் பிடிக்கக் கையால் தடவுகிற இடமெல்லாம் சாம்பல் படிந்து கிடக்கிறது. 2017 ஜனவரியில் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. வாளி வைத்து அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு வந்து காட்டுக்குப்பத்துப் படகுகளை நாசம் செய்தது. அந்த மாதமே 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள்.

தன் வீட்டு ஈசானிய மூலையில் ஒரு துடைப்பம் இருந்தால்கூடப் பதறுகிறவர்கள் யாரும் நகரத்தின் ஈசானிய மூலைக்காக ஒரு மனு போட்டதாக நான் கேள்விப்படவில்லை. ஆகவே திசை ஒரு பொருட்டே இல்லை. கிராமத்தில் தெற்கே வைத்தார்கள், நகரத்தில் வடக்கே வைத்தார்கள். அழுக்கையும் அதை அள்ளுகிறவனையும் சேர்த்து ஒரே இடத்தில், தன் மூக்குக்கு எட்டாத தூரத்தில் வைப்பதுதான் விதி. திசை அந்த விதிக்குப் போட்ட மஞ்சள் குங்குமம்.

இயற்கை காம்பவுண்டுக்குள் அடங்காது என்பதற்குக் கடலே சாட்சி. இந்தக் கரையில் மணல் வருஷம் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கிறது. கூட்டிக் கழித்தால் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. 1870களில் தொடங்கித் துறைமுகத்துக்குக் கல் சுவர் கட்டி அந்த மணலை மறித்தார்கள். தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் கடல் ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வரை தின்றது. தெருத்தெருவாகக் குப்பங்கள் தண்ணீருக்குள் போயின. இப்போது கல் கொட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் குப்பத்து வீடுகளில் எதற்காவது வாஸ்துக் குறை இருந்ததா? ஒருத்தன் கட்டின சுவர் நாலு மைல் தள்ளி இன்னொருத்தன் வீட்டை இடிக்கும் என்ற அறிவு மயமதத்தில் இல்லை. அது இல்லாத சாத்திரத்தைச் சுற்றுச்சூழல் அறிவு என்று எப்படிச் சொல்வது?

4

அரசாங்கத்துக்கும் ஒரு வாஸ்து உண்டு. 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. நகரத்தின் நடுவிலேயே மாடி வீடு கொடுத்த ஆரம்ப காலத்தைக் குறைத்துச் சொல்லமாட்டேன். அது நம் மக்கள் போராடிப் பெற்றது. ஆனால் 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்குக் கோடிக்கு அள்ளிப் போட்டார்கள். கண்ணகி நகரில் முதலில் கட்டிய வீடுகள் இருநூறு சதுர அடிகூட இல்லை. வராகமிகிரர் கடைநிலைக்கு ஒதுக்கிய 16 முழம் ஏறக்குறைய 24 அடி. அதையே நீளமும் அகலமுமாகப் போட்டால் வருவதில் பாதிகூட இல்லை இது. சண்டாளனுக்கு சாத்திரம் கொடுத்ததைவிடக் குறைவாகக் கொடுத்தது சனநாயகம்.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி, 24 வீடுகள், அப்படியே சரிந்து விழுந்தது. 1993 வாக்கில் கட்டியது. முப்பது வருஷம்கூட நிற்கவில்லை. விரிசலைப் பார்த்துச் சனங்கள் முன்கூட்டியே வெளியே வந்ததால் உயிர் போகவில்லை. அந்த விரிசலைக் கண்டுபிடிக்க எந்த ஜோசியரும் வரவில்லை. அங்கே குடியிருந்தவர்களின் கண்தான் கண்டுபிடித்தது. சிமெண்டு எவ்வளவு, கம்பி எவ்வளவு, உப்புக்காற்று எவ்வளவு என்று கேட்கவேண்டிய இடத்தில் யாராவது வந்து வாஸ்துக் குறை என்று சொன்னால் அவர் கட்டினவரைக் காப்பாற்ற வந்தவர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம் பசுமைக் கட்டடக் கலைஞர்கள். மண்சுவர், ஓலை, மூங்கிலுக்குத் திரும்புங்கள் என்கிறார்கள். அவர்களுடைய நோக்கத்தை நான் சந்தேகப்படவில்லை. கான்கிரீட் கூரை மே மாதத்தில் அடுப்பாகிறது என்பது உண்மை. ஆனால் ஓலைக்கூரை நமக்கு அழகியல் அல்ல, தண்டனை. 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்புச் சேரி எரிந்தது. 1968 டிசம்பர் 25 வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்தார்கள். ஓலை எரியும் என்பதை நாம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சரி, கல்வீடு கட்டினோம். 1995இல் கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்து எதை உடைத்தது? வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதித்த காசில் வந்த வீட்டையும் பொருளையும். 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியில் எரித்தது எதை? பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்துக் கட்டிய வீடுகளை. ஓட்டு வீடு குற்றம் என்ற அம்பேத்கர் சொன்ன சட்டம் புத்தகத்தில் இல்லாவிட்டாலும் கையில் தீப்பந்தமாக இருக்கிறது. ஆகவே மண்ணுக்குத் திரும்பு என்று நம்மிடம் சொல்கிறவர், மண்ணோடு நம்மைக் கட்டிப்போட்ட கயிற்றைப் பற்றியும் பேசவேண்டும்.

அதற்காகக் குப்பத்திலும் சேரியிலும் இருக்கிற அறிவை விட்டுக்கொடுக்கவேண்டியதில்லை. மணல்மேட்டில் வீடு போடுவது, கரையிலிருந்து தள்ளி நிற்பது, வாடைக்கு முதுகு காட்டித் தென்றலுக்கு முகம் காட்டுவது, வீட்டுக்கு வெளியே எல்லாரும் உட்கார ஒரு பொது இடம் விடுவது, இதெல்லாம் நம் கிழவிகளுக்குத் தெரியும். குப்பத்தாருக்கும் சேரிக்காரருக்கும் நடுவே சாதி இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் சாம்பலும் அம்மோனியாவும் இரண்டு பேர் மூக்கிலும் ஒரே மாதிரி ஏறுகிறது. அங்கிருந்து ஒரு புதிய மனைநூலை ஆரம்பிக்க முடியும். அதில் மண்ணின் நிறத்துக்கு வருணம் இருக்காது. மண்ணில் ஈயம் எவ்வளவு, காற்றில் கந்தகம் எவ்வளவு, மேலே எரிகிற தொழிற்சாலை யாருடையது, பட்டா யார் பெயரில் என்ற கேள்விகள் இருக்கும்.

5

கடைசியாக வாஸ்து புருஷன் கதை. வானத்தையும் பூமியையும் மறித்துக்கொண்டு ஏதோ ஒரு பெரிய உருவம் எழுந்தது. தேவர்கள் கூட்டமாகப் பாய்ந்து பிடித்து அதைக் குப்புறத் தள்ளினார்கள். எவன் எந்த உறுப்பைப் பிடித்தானோ அவன் அந்த உறுப்பின் மேலேயே உட்கார்ந்துகொண்டான். 45 தேவர்கள். தலை ஈசானியத்தில், கால் நிருதியில். அவன் மேல்தான் எல்லா மனையும் எழும்புகிறது. வருஷத்தில் சில நாள் அவன் கண் விழிப்பான் என்று பஞ்சாங்கம் சொல்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் பூசை போடுகிறார்கள், மறுபடியும் தூங்கவைக்க.

நூல்கள் அவன் யார், என்ன குற்றம் செய்தான் என்று சரியாகச் சொல்வதில்லை. பூதம் என்கிறது ஒன்று, அசுரன் என்கிறது ஒன்று. அவன் செய்த ஒரே காரியம் எழுந்து நின்றது. எழுந்து நின்றவனைக் குப்புறத் தள்ளி, மேலே உட்கார்ந்து, அந்த இருக்கைக்கு இயற்கை ஒழுங்கு என்று பெயர் வைத்த கதையை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? இந்தப் பிரதியை நாம் தேவர் பக்கம் நின்று படித்தது போதும். கீழே கிடப்பவன் பக்கம் நின்று படிக்கவேண்டும்.

போன சித்திரையில் திருவொற்றியூர் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ரொம்ப நேரம் பேசினோம். கடைசியில் தெற்கு ஜன்னலில் மூன்று செங்கலை அவரே எடுத்தார். "மொத்தமா எடுக்க இன்னும் மன்சு வரலபா" என்றார். சாயங்காலம் அந்த ஓட்டை வழியாகக் காற்று வந்தது. எமன் வரவில்லை. வீட்டுக்காரர் அந்தப் பக்கமாகப் பாயை இழுத்துப்போட்டுப் படுத்தார். மீதிச் செங்கல்லுக்கு இன்னும் பேசவேண்டியிருக்கிறது.